நீ கேட்ட விவாக சர்ட்டிபிகேட்டு

தக்கலை,
ஞாயிறு ராத்திரி

மக்களே ஷைனி,

நீ கேட்ட விவாக சர்ட்டிபிகேட்டு இந்த உறைக்குள் இருக்கிறது. கோவில் பதிவேட்டு நகல் ஒன்று, சப் ரிஜிஸ்தர் ஆபீஸ் நகல் ஒன்று. கோவில் நகலில் முத்திரை மங்கலாக விழுந்திருந்தது. பங்குச் சாமியாரிடம் திரும்பக் கொடுத்து மறுபடி குத்தி வாங்கினேன். மங்கின முத்திரையைக் கண்டால் எந்த ஆபீசிலும் ஒரு நாள் அலைய விடுவார்கள். ரெண்டையும் லேமினேஷன் பண்ணிவிடாதே.

சாமியார் எதற்கு என்று கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு என்று சொன்னேன். நீ காரணம் சொல்லாததால் நானாக ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. அது பொய்யா மெய்யா என்பது உனக்குத்தான் தெரியும்.

வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தே கிழவனானவன் நான். இந்த ஒரு தாளைத் தேடி யார் யார் எதற்கு வருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர் சேர்க்க வருவார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன் பெண்சாதியைக் கூட்டிப் போக வருவான். புருஷன் செத்த பிறகு பென்ஷனுக்கு வருவார்கள். பிள்ளையைத் தத்தெடுக்கிறவர்கள் கேட்பார்கள். இன்னொன்றுக்கும் வருவார்கள். "அப்பா, மேரேஜ் சர்ட்டிபிகேட் ரெண்டு காப்பி வேணும், அவசரம் ஒண்ணும் இல்ல" என்று நீ வாட்ஸ்அப்பில் போட்டதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டேன். அவசரம் இல்லாதவர்கள் அவசரம் இல்லை என்று எழுதுவதில்லை மக்களே.

அம்மையிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சர்ட்டிபிகேட்டு வாங்கப் போனதையே கரம் கட்டப் போகிறேன் என்று சொல்லித்தான் போனேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே மழை விடவில்லை. குலசேகரம் விளையில் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. வெட்டுகாரன் போன மாதமே முன்பணம் வாங்கிப் போய்விட்டான், வானம் வெளுத்தால் வருவான். தெற்குப் பக்கத்து அயனிச் சக்கை மரம் சாய்ந்துவிட்டது. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

நான் எழுத வந்த காரியம் உயில். பயப்படாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை மட்டும்தான், அதுவும் உன் அம்மை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் எத்தனை குடும்பம் உயில் இல்லாமல் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்து அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன். குலசேகரம் விளை 1 ஏக்கர் 20 சென்ட். வீட்டு விளை 32 சென்ட். இரண்டுக்கும் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் இரும்புப் பெட்டியில் தனித்தனி உறையில் இருக்கிறது. சாவி எங்கே என்று உனக்குத் தெரியும்.

நான் ஒன்றும் எழுதாமல் போய்விட்டால் 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மைக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் உனக்கும் பெனட்டுக்கும் சமமாக. சட்டத்தில் ஆண் பெண் பேதம் இல்லை. ஆனால் பெனட் போன வாரம் மஸ்கட்டில் இருந்து பேசும்போது, "அவளுக்குத்தான் கல்யாணத்துக்குக் கொடுத்தாச்சே அப்பா" என்றான். கோபத்தில் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தைச் சொன்னான். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில், 1916இல் கிறிஸ்தவர்களுக்கு என்று ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்ரீதனம் கொடுத்தாச்சு என்றால் அதுவும் கிடையாது. 1956இல் நம்ம தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் ஆட்கள் மனசில் அந்தச் சட்டம்தான் இருந்தது. 1951லேயே அது செத்துப் போன சட்டம் என்று 1986இல் மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. சென்னை ஐகோர்ட்டு அதற்கு முன்பே சொல்லியிருந்தது. நம்ம பக்கம் யார் காதில் விழுந்தது?

உன் அம்மை காதிலும் விழவில்லை. முளகுமூட்டு மாமன்மார் ஒரு தாளை நீட்டினார்கள், அவள் கையெழுத்துப் போட்டாள். வாசிக்கவில்லை. "எனக்க அண்ணன்மாரு என்னை ஏமாத்தவா போறாவ" என்று சொன்னாள். அந்த விடுதலைப் பத்திரத்தின் நகலை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன், அவள் பங்கு முழுக்க அதில் போயிருந்தது. மாமன்மார் நல்லவர்கள்தான், இப்போதும் ஓணத்துக்கு நேந்திரன் குலை கொடுத்து விடுகிறார்கள். ஆனால் பங்கு போனது போனதுதான். அதனால் சொல்கிறேன், யார் நீட்டினாலும், எவ்வளவு பிரியமானவர்கள் நீட்டினாலும், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதே.

பெனட்டுக்குக் குலசேகரம் விளை, உனக்கு வீடும் வீட்டு விளையும், அம்மைக்கு அவள் ஆயுசு வரை வீட்டில் இருக்கவும் ரப்பர் வருமானத்தில் பாதி வாங்கவும் உரிமை என்று நினைத்திருக்கிறேன். அவன் முனங்குவான், முனங்கட்டும். கிறிஸ்தவனுக்குப் பிறப்பால் வருகிற பங்கு என்று ஒன்று இல்லை, நான் இருக்கும்வரை என் சொத்து என் இஷ்டம். செட்டில்மெண்டாக இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமே என்று பத்திரம் எழுதுகிற பையன் கேட்டான். செட்டில்மெண்ட் என்றால் அன்றைக்கே சொத்து கை மாறிவிடும், பிறகு மனசு மாறினால் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை எழுதியிருந்தால் 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் பிள்ளைகள் மேல் ஆர்.டி.ஓ. ஆபீசில் மனு கொடுக்கிற நிலைமை நமக்கு வேண்டாம். உயில் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயம் இல்லை, ஆனாலும் நான் பதிவு பண்ணத்தான் போகிறேன். சாட்சி இரண்டு பேர் வேண்டும். சாட்சி போடுகிறவருக்கோ அவர் வீட்டுக்காரிக்கோ அந்த உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தப் பகுதி செல்லாது. அதனால் மாமன்மாரையும் உன் மாப்பிள்ளை வீட்டுக் கருங்கல்காரர்களையும் கூப்பிடவில்லை. வாசகசாலையில் பத்திரிகை வாசிக்க வருகிற இரண்டு பேரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதில் ஒரு சின்னக் காரியத்துக்கு உன் பதில் வேண்டும். உயிலில் உன் பெயரை எழுதிப் பக்கத்தில் க/பெ என்று மாப்பிள்ளை பெயரைப் போடவா, த/பெ என்று என் பெயரைப் போடவா? எப்படி எழுதினாலும் சொத்து உனக்குத்தான் வரும். ஆனால் உன் ஆதாரிலும் பான் கார்டிலும் என்ன இருக்கிறதோ, இனிமேல் என்ன இருக்கப் போகிறதோ, அதோடு ஒத்துப்போனால் பிற்காலத்தில் பட்டா மாற்றும்போது கரைச்சல் இல்லை. ஒரு வரி எழுதிப் போடு. போனில் சொல்ல வேண்டாம், அம்மை பக்கத்தில் இருப்பாள்.

இன்னொன்று. நீயும் ஒரு உயில் எழுதி வைக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில் உயிலா என்று சிரிக்காதே. தகப்பன் எழுதக் கூடாத வரிதான், எழுதுகிறேன். பிள்ளை இல்லாத நிலையில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், உன் சொத்தில் பாதி மாப்பிள்ளைக்கும் பாதி எனக்கும் என்று சட்டம் பிரிக்கும். உனக்கு அதுதான் விருப்பம் என்றால் சரி. வேறு விருப்பம் இருந்தால் எழுதி வைத்தால்தான் உண்டு. முன்பே ஏதாவது எழுதி வைத்திருந்தால் அதை எடுத்துப் பார். கிறிஸ்தவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு: கல்யாணம் பண்ணினால் அதற்கு முன் எழுதின உயில் தானாக ரத்தாகிவிடும். ஆனால் கல்யாணம் முறிந்தால் உயில் முறியாது. பி.எஃப்., இன்சூரன்ஸ், பாங்கு எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பார்த்து வை. நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர்தான், அவருக்கே சொந்தம் என்று அர்த்தம் இல்லை. 1983லேயே எல்.ஐ.சி. பாலிசி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது அது. இன்சூரன்சுக்கு மட்டும் 2015இல் சட்டத்தைத் திருத்தி, பெற்றவர்களோ புருஷனோ பெண்சாதியோ பிள்ளையோ நாமினி என்றால் பணம் அவர்களுக்கே என்று எழுதியிருக்கிறார்கள். மற்றதில் சொந்தம் இல்லாவிட்டாலும் வாங்கினவர் கையில் இருந்து திரும்ப வாங்குவதற்குள் மனுஷன் போய்ச் சேர்ந்துவிடுவான்.

இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிறதுதான்.

சர்ட்டிபிகேட்டு பிள்ளைக் காரியத்துக்காக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். 2022இல் நீங்கள் தத்தெடுக்கப் பதிவு செய்தபோது தாம்பரம் வீட்டைப் பார்க்க சோஷியல் ஒர்க்கர் வந்தாள், அம்மை கொடுத்துவிட்ட அச்சுமுறுக்கை அவளுக்கு வைத்தாய், அவள் இரண்டாவது தரம் கேட்டு வாங்கித் தின்றாள் என்று சொல்லிச் சிரித்தாய். அந்த வீட்டறிக்கைக்கு மூன்று வருஷம்தான் ஆயுசு. திரும்ப எடுக்க வேண்டும் என்றால் காகிதம் எல்லாம் மறுபடி கேட்பார்கள், அதில் விவாக சர்ட்டிபிகேட்டும் உண்டு. அதற்குத்தான் கேட்டாய் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் பொருந்தி வருகிறது. உன் அம்மையிடம் சொல்ல வேண்டி வந்தால் அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தக் காரியத்தை விட்டுவிடாதே என்பதுதான் என் அபிப்பிராயம். எது எப்படி ஆனாலும். தம்பதியாகப் பதிவு செய்தால் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும், கல்யாண வாழ்க்கை இரண்டு வருஷமாவது நிலையாக இருந்திருக்க வேண்டும். தனியாளாக ஒரு பெண்ணும் தத்தெடுக்கலாம், ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ எதுவானாலும். தனி ஆணுக்குத்தான் பெண் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். தனியாள் என்றால் இரண்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நாற்பது வயசு வரை, நாலு வயசு வரை உள்ள பிள்ளைக்கு நாற்பத்தைந்து வரை, எட்டு வயசு வரை என்றால் ஐம்பது வரை. விவாக சர்ட்டிபிகேட்டுக்குப் பதிலாக அங்கே வேறொரு தாள் வைக்க வேண்டி வரும், கோர்ட்டுத் தீர்ப்பு நகல். அது யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. தத்துக்கான கடைசி உத்தரவு முன்பு கோர்ட்டில் வாங்கினோம். 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அடுத்த வருஷம் செப்டம்பரில் இருந்து கலெக்டர்தான் கொடுக்கிறார்.

வரிசை நீளம் என்று சலித்துப்போய் யாராவது ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறது, பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் பிள்ளை என்று சொன்னால் அந்தப் படியை மிதிக்காதே. விற்றவருக்கும் ஜெயில், வாங்கினவருக்கும் ஜெயில். பிள்ளையையும் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போவார்கள்.

ரோசிலி சின்னம்மை காரியம் உனக்கு முழுசாகத் தெரியாது என்று நினைக்கிறேன், நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அவள் வளர்த்த பையன் சேவியரைப் பெற்ற பிள்ளை இல்லை என்று யாராவது சொன்னால் அவள் அடிக்கப் போவாள். ஆனால் அந்தக் காலத்தில் கிறிஸ்தவனுக்குத் தத்தெடுக்கிற சட்டமே கிடையாது. இந்துக்களுக்கு 1956இல் வந்துவிட்டது. நமக்கு 1890ஆம் வருஷத்து கார்டியன் சட்டம்தான். பிள்ளை மேஜராகிற வரை காவலாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சின்னம்மை உயில் எழுதவில்லை, எழுதச் சொன்னால் "எனக்க மோனுக்கு இல்லாம வேற ஆருக்கு" என்பாள். அவள் அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னாலேயே கூடப்பிறந்தவர்களுடைய பிள்ளைகள் வாரிசு சான்றிதழ் வாங்கிவிட்டார்கள். அதில் சேவியர் பெயர் இல்லை. இப்போது அவன் அழகியமண்டபத்தில் டயர்க் கடையில் நிற்கிறான், என்னைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவான். இன்றைக்குச் சட்டம் வேறு. சிறார் நீதிச் சட்டத்தில் எடுத்த பிள்ளை எல்லா விதத்திலும் பெற்ற பிள்ளைதான், எந்த மதமானாலும். அப்படியிருந்தும் என் உயிலில் "என் மகளுக்குப் பிறகு அவள் பெற்ற அல்லது தத்தெடுத்த பிள்ளைக்கு" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். பத்திரம் எழுதுகிற பையன் அது தேவையில்லை என்றான். எனக்குத் தேவை என்றேன்.

மேல வீட்டு டீச்சருடைய மகள் ஒரு ஆலோசனை கேட்க வந்தாள். பெயர் சொல்ல வேண்டாம், உனக்கு ஆள் தெரியும். அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன், உன் ஆபீசில் யாருக்காவது உபயோகப்படும்.

அவளிடம் முதலில் சொன்னது, நீ குமாரகோவில் முருகனையும் நம்ம மாதாவையும் சேர்த்துக் கும்பிடு, பிறகு ஒரு வக்கீலைப் பார் என்பதுதான். அவளுக்கென்று ஒரு வக்கீல். ரெண்டு பேரும் சம்மதம்தானே, ஒரே வக்கீல் போதும், செலவு மிச்சம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். அப்படி வந்த கேசுகளை நான் பார்த்திருக்கிறேன். பீஸ் யார் கொடுக்கிறாரோ அவர் பக்கம் வக்கீலுடைய நாற்காலி பைய நகரும். பெண்ணுக்குச் சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசாங்கம் இலவசமாக வக்கீல் கொடுக்கும், 1987ஆம் வருஷத்துச் சட்டத்தில் உண்டு. நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும், அல்லது 15100க்கு போன் பண்ணலாம். கை நிறையச் சம்பளம் வாங்குகிற பெண்ணும் அங்கே போகலாம். போனால் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

விவாகரத்து மனுவை எங்கே போடுவது என்று கேட்டாள். கல்யாணம் நடந்த இடத்திலும் போடலாம், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த இடத்திலும் போடலாம். கல்யாணம் நம்ம கோவிலில் நடந்ததால் நாகர்கோவில் குடும்ப நீதிமன்றத்திலேயே போடலாம், சென்னையில் அலைய வேண்டாம். அங்கே வக்கீல் நின்று வாதிக்கக் கோர்ட்டு அனுமதி வேண்டும், அது சாதாரணமாகக் கிடைக்கும். மூடின அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஒரு தரப்பு கேட்டாலே போதும். வராந்தாவில் நிற்கிற ஊர்க்காரன் ஒருத்தனுக்கும் ஒன்றும் கேட்காது. இதை அவளிடம் அழுத்திச் சொன்னேன். நம்ம ஊரில் பாதிப் பெண்கள் வாய் திறக்காமல் இருப்பது புருஷனுக்குப் பயந்து அல்ல, வராந்தாவுக்குப் பயந்து.

எவ்வளவு நாள் ஆகும் என்றால், கிறிஸ்தவர்களுக்குப் பரஸ்பர சம்மத விவாகரத்து என்பதே 2001இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரு கிறிஸ்தவப் புருஷன் பெண்சாதி மேல் சோரம் என்று ஒன்றைச் சொன்னால் போதும். பெண்சாதியோ சோரத்தோடு சேர்த்து அடி உதையையோ கைவிட்டுப் போனதையோ நிரூபிக்க வேண்டும். அப்படி நிரூபித்தாலும் ஜில்லா கோர்ட்டுத் தீர்ப்பு ஐகோர்ட்டில் மூன்று ஜட்ஜிகள் உறுதி பண்ணினால்தான் செல்லும். அந்தக் கேஸ் கட்டுகளை நான்தான் நூல் போட்டுக் கட்டுவேன். 1869ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். கட்டு மெட்ராசுக்குப் போய் வருவதற்குள் அந்தப் பெண்களுடைய தலை நரைத்தது. இப்போது அந்தச் சள்ளை இல்லை. புத்தகத்தில் இரண்டு வருஷம் தனித்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஒரு வருஷம் போதும் என்று கேரள ஐகோர்ட்டு 2010இல் சொன்னது. நம்ம பக்கம் எப்படி எடுப்பார்கள் என்று வக்கீலிடம் கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் புருஷன் பெண்சாதியாக வாழாவிட்டால் அதுவும் தனித்து வாழ்வதுதான். 1991இல் சுப்ரீம் கோர்ட்டு இந்துச் சட்டத்துக்குச் சொன்னது, நம்மவர்கள் வழக்கிலும் வக்கீல்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். மனு போட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி போய் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தில் மனசு மாறினாலும் மாறலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறான். எப்போது முதல் தனியாக இருக்கிறாய் என்ற தேதியை எங்காவது குறித்து வை.

கோவில் தீர்ப்பு வேறு, கோர்ட்டுத் தீர்ப்பு வேறு. மறைமாவட்ட நீதிமன்றத்தில் கல்யாணம் செல்லாது என்று வாங்கினால் அது திருச்சபைக்குள் மட்டும்தான். அதை வைத்துச் சட்டப்படி மறுகல்யாணம் பண்ண முடியாது என்று 1996இலும் 2017இலும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. கோர்ட்டுத் தீர்ப்பு மட்டும் வைத்துக்கொண்டு போனால் சாமியார் மறுகல்யாணத்தை மந்திரிக்க மாட்டார். ரெண்டும் வேண்டும், முதலில் கோர்ட்டு.

பிறகு பிளாட். உன் பிளாட்டும் உன் பெயரிலும் மாப்பிள்ளை பெயரிலும் சேர்ந்துதானே இருக்கிறது, கடனும் இரண்டு பேர் பெயரிலும். பங்கை விட்டுக் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதே. பாங்குக்கு விவாகரத்து ஒரு பொருட்டே இல்லை. கடன் பத்திரத்தில் உன் கையெழுத்து இருக்கும் வரை மாப்பிள்ளை தவணை கட்டாவிட்டால் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான். முதலில் பாங்கில் உன் பெயரை எடுத்துவிட்டு எழுத்தில் வாங்கு, பிறகு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு. போடும்போது வாசித்துப் போடு. முளகுமூட்டுக் காரியத்தை நினைத்துக்கொள். ஜீவனாம்சம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும் என்று கோபத்தில் எழுதிக் கொடுத்துவிடாதே. உனக்குச் சின்ன வயசிலேயே அந்தக் குணம் உண்டு. பெனட் பங்கு கேட்டால் சண்டை போடாமல் முழுசையும் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொள்வாய்.

டீச்சர் மகளுக்கு எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவளுக்கு பிளாட் ஒன்றும் கிடையாது.

இந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், கிடக்கட்டும்.

கிறிஸ்மசுக்கு நீ தனியாக வந்தாய், மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். நான் கேட்கவில்லை. ஈஸ்டருக்கும் தனியாக வந்தாய், அப்போதும் கேட்கவில்லை. கருங்கல்காரர்களைக் களியக்காவிளைக் கல்யாண வீட்டில் பார்த்தேன். சம்பந்தி ஒரு ஓரமாக நின்று கையைப் பிடித்துக்கொண்டு, "செரியாவும், எல்லாம் செரியாவும்" என்றார். எது சரியாகும் என்று அவர் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்த காரியம் எனக்கு ஒருத்தனுக்குத் தெரியாதது போல நடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு எரிச்சல் வந்தது. அவர் மேல் இல்லை, உன் மேல்தான். எத்தனையோ பேருடைய மகள்கள் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்து என்னிடம் அழுதிருக்கிறார்கள். வக்கீல் சார் வருவதற்குள் முழுக்கதையும் என்னிடம் சொல்லிவிடுவார்கள். அந்த ஆளிடம் சொந்த மகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லாவிட்டாலும் போகட்டும். தக்கலை அரசுப் பள்ளியில் படித்து, யார் சிபாரிசும் இல்லாமல் சென்னையில் போய் நின்று, உன் சம்பளத்தில் வீடு வாங்கினவள் நீ. எனக்கு ஆபரேஷன் வந்தபோது பெனட் பணம் அனுப்பினான், நீ வந்து வார்டில் படுத்தாய். அந்தப் பிள்ளைக்கு நான் சட்டம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை என்று தெரியும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. வாசிக்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதே.

உயில் பதிவை அடுத்த மாதம் முதல் வாரத்தில் வைத்திருக்கிறேன். நீ வர வேண்டிய அவசியம் இல்லை, பயனாளி பக்கத்தில் நிற்காமல் இருப்பதுதான் நல்லது, பிறகு நிர்ப்பந்தம் என்று பேசுவார்கள். ஆனால் வருவதானால் அனந்தபுரி எக்ஸ்பிரசில் வா, இரணியலில் இறங்கு, நான் ஆட்டோ பிடித்து வருகிறேன். எவ்வளவு நாள் லீவு என்று பார்த்துப் போடாதே. மேல் மாடி அறையில் ஒழுக்கு அடைத்தாயிற்று, இன்டர்நெட் இழுக்க ஆள் வந்து பார்த்துவிட்டும் போனான். அங்கே இருந்து வேலை பார்க்கலாம் என்று அவன் சொன்னான். நான் சும்மா கேட்டேன்.

க/பெ, த/பெ காரியத்துக்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது.

அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மை வந்து நின்றாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு வாசிக்க வராது, அதனால் நான் மறைக்கவில்லை. "உயிலைப் பத்தித்தான் எழுதுதியா" என்று கேட்டாள். ஆமா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அவளுக்குப் போட்ட நகை லாக்கர்ல ஆருக்க பேருல கெடக்கு, சாவி அவ கையிலயா அவனுக்க கையிலயான்னு கேட்டு எழுது" என்றாள். உன் பெயரில் தனி லாக்கர் எடுத்து மாற்றி வைக்கச் சொல்கிறாள். இந்த வாரமே.